டௌட்டுக்கும் சஸ்பெக்ட்டுக்கும் நடுவில்

“...நர்ஸம்மா டவுட்டுன்னுதான் சொன்னாங்க. டாக்டரு பேப்பர்ல எழுதுனது வேற வார்த்தையாமுங்க. எங்க நாத்தனாருக்கு அது இருக்குதுங்கறாங்களா, இல்லைங்கறாங்களா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க்கா, ஜெராக்ஸெல்லாம் வேண்டாம்.”

அதற்கு முன்னால் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. யாருடைய ஆதார் அட்டைக்கோ நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடும்போது என் கடையில் பாதிப் பேச்சுதான் காதில் விழும். திரும்பிப் பார்த்தால், மடித்த காகிதம் ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கிறவள். வீட்டுக்காரர் அங்கேயே பரிசல் ஓட்டுகிறார். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய என் கடைக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு படிவத்தோடு வந்துவிடுவாள். அவள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். அவள் வாயில் சும்மா ஒரு பேச்சு வராது. “மீனைச் சந்தேகப்படறவன் செவுளைத் தூக்கிப் பாப்பான், என்னையச் சந்தேகப்படறவன் தராசைத் தூக்கிப் பாப்பான்” என்று ஒருநாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் கிளம்புவதற்குள் அதை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் ஒரே ஒரு மார்க்கில் தவறியவள் நான். அந்த ஒரு மார்க்கைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பேங்க் படிவத்தின் பின்பக்கம், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அகராதி, இவைதான் எனக்கு வாத்தியார்கள். நோட்டின் இடது பக்கம் ஜனங்கள் பேசும் பேச்சு. வலது பக்கம் ஒன்றுபோலவே தோன்றி நம்மை ஏமாற்றும் இங்கிலீஷ் வார்த்தைகள், ஜோடி ஜோடியாக. ஹியர், லிசன். சே, டெல். டௌட், சஸ்பெக்ட்.

இங்கிலீஷ் படிக்கிறவள் என்று பேர் வந்ததும் படிவங்களோடு ஆஸ்பத்திரிக் காகிதங்களும் வர ஆரம்பித்தன. எனக்கு அது பிடிக்கவே இல்லை. நான் டாக்டரில்லை, நர்ஸில்லை. ஆனால் ஏரியூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, “என்னான்னு மட்டும் சொல்லுங்க” என்று நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. மடித்த காகிதத்தை யாராவது பையிலிருந்து எடுத்தாலே இன்றைக்கும் நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்வதில்லை. கூட வந்த அண்ணனோ மாமனோதான் கேட்டுக்கொள்வார். என் கடையிலும் அப்படித்தான். காகிதம் கைக்கு வந்ததும், “நீ போயி எதுத்த கடையில மூணு டீ வாங்கியா” என்று நோயாளியை அனுப்பிவிடுவார்கள். அவர் ரோட்டைத் தாண்டிப் போய் டீயோடு திரும்பி வருவதற்குள் நான் படித்துச் சொல்லிவிட வேண்டும். எதிர்க்கடை டீ மாஸ்டருக்கும் இது பழகிவிட்டது. என் கடையிலிருந்து தனியாக வந்து மூன்று டீ கேட்கிறவர் என்றால் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவாராம். ஒருநாள் அவரே சொன்னார்.

கூட யாருமில்லாமல் ஒரு மனிதர் வந்தது ஒரே ஒருமுறை. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார், கிழங்கு பிடுங்கும் சமயம். டீ வாங்க அனுப்ப வழியில்லை. முகத்துக்கு நேரே படிக்க எனக்குத் தைரியமும் இல்லை. சின்ன டெஸ்ட்தான், ஒன்றும் அவசரமில்லை என்று போட்டிருக்கிறது என்றேன். அவர் நிம்மதியாகப் போய்க் கிழங்கு பிடுங்கினார். நான்கு மாதம் கழித்து அவர் மனைவி இறப்புச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வந்தார். ‘அவசரமில்லை’ என்பது அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை. என் வாயில்தான் இருந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்களிடம் சர்க்கரை போட்டுப் பேசுவதை விட்டுவிட்டேன். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்லிவிடுவது.

மீன்கடைக்காரி நாத்தனாரின் காகிதம் என்றாள். கம்பைநல்லூரில் காடு கழனியோடு இருக்கிற நாத்தனாரை எனக்கும் தெரியும், அவர்களுக்குப் பட்டா மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்தக்காரியாக வந்திருக்கிறவளிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே. காகிதத்தின் தலைப்பகுதி உள்ளே மடிந்திருந்தது. அதை நான் விரித்துப் பார்க்கவில்லை. இடது மார்பு என்று ஆரம்பித்துக் கட்டியின் நீள அகலம் போட்டு, ‘சஸ்பிஷியஸ்’ என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வரியில் அக்குளில் நெறிக்கட்டு, அதற்கு ‘டௌட்ஃபுல்’. கடைசியில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது.

அக்குளுக்கு நர்ஸ் சொன்ன வார்த்தை இருக்கிறது, கட்டிக்கு இன்னொரு வார்த்தை இருக்கிறது, இரண்டும் வேறுதான் என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். அப்படி ஒருவர் கேட்டுவிட்டால் எனக்குக் காலம் நேரம் தெரியாது. நோட்டை எடுத்து விரித்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரு மனுஷியின் உயிர் மேசைமேல் கிடக்கிறது, நான் சந்தோஷமாக வார்த்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தமிழில் இரண்டுக்குமே சந்தேகம் என்று சொல்லி நாம் முடித்துக்கொள்கிறோம். இங்கிலீஷில் சந்தேகத்துக்கு இரண்டு கரை உண்டு. ஐ டௌட் என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் ‘இருக்காது’ என்கிற கரையில் நிற்கிறார். ஐ சஸ்பெக்ட் என்று ஆரம்பித்தால் ‘இருக்கும்’ என்கிற கரையில். ‘ஐ டௌட் ஹிம்’ என்றால் அவன் பேச்சை நம்பவில்லை என்று மட்டும் பொருள். ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவன் ஏதோ செய்துவிட்டான் என்றே மனசு முடிவு கட்டுகிறது. என்ன செய்தான் என்பதை ‘ஆஃப் தெஃப்ட்’ என்பதுபோல ஆஃப் போட்டுச் சேர்க்கலாம். டௌட்டுக்குப் பின்னால் இஃப் வரும், வெதர் வரும். சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் அவை வரவே வராது, தட் மட்டும்தான். நம் பிள்ளைகள் வாத்தியாரிடம் டவுட் கேட்கிறேன் என்கிறார்களே, அது நாமாகச் செய்துகொண்டது. அது வெறும் கேள்விதான், சந்தேகமே கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவளுக்குப் புரியட்டும் என்று அவள் தொழிலையே இழுத்தேன்.

“ஒருத்தர் உன் கடையில வந்து மீனைப் பாக்கறார்னு வெச்சுக்க. ‘ஐ டௌட் இஃப் இட் இஸ் ஃப்ரெஷ்’னா, இது புதுசா இருக்காதுன்னு அவர் மனசு சொல்லுது. ‘ஐ சஸ்பெக்ட் இட் இஸ் ஓல்ட்’னா, பழசாத்தான் இருக்கும்னு சொல்லுது.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா. ரெண்டு பேருமே வாங்க மாட்டானுங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், கை மட்டும் காகிதத்தின் ஓரத்தை விடவில்லை. வாங்காமல் போவது ஒன்றுதான், ஆனால் ஒருவர் இல்லை பக்கம் நின்று பேசுகிறார், இன்னொருவர் ஆமாம் பக்கம் நின்று பேசுகிறார் என்று விளக்கினேன்.

“அப்ப இந்தப் பேப்பர்ல கட்டிக்கு டாக்டரு எந்தப் பக்கம் நிக்கறாரு?”

“ஆமாம் பக்கம்” என்றேன். “கெட்ட கட்டியா இருக்கும்னுதான் நினைக்கறாங்க கண்ணு. இன்னும் முடிவு தெரியல, அதான் ஊசி வெச்சுப் பாக்கணுங்கறாங்க. நாத்தனாரைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போ, தள்ளிப் போடாத.”

வெளியே தருமபுரி பஸ் கண்டக்டர் ஊர் ஊராகக் கூவிக்கொண்டிருந்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அது இருந்தா எண்ணெய்ச் சட்டி முன்னாடி நிக்கலாமாங்க்கா? நாள் பூரா அனல் நெஞ்சுலதான் அடிக்குது.”

சூட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கம்பைநல்லூர் நாத்தனார் எந்த எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறார்? மடிந்திருந்த தலைப்பகுதியைப் பார்த்தேன். அங்கே என்ன பெயர் இருக்கும் என்பதை விரித்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. என் கை தானாகவே என் சேலைத் தலைப்புக்குள் போய் என் நெஞ்சை அமுக்கிக்கொண்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

“நோவுக்காரியா வந்திருந்தா என்னைய டீ வாங்க அனுப்பியிருப்பீங்க. ஊருக்கே தெரியும். எங்கூட வந்தவங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு, டீயோட வந்த எங்கிட்ட ஒண்ணு சொல்லுவீங்க. அதான் நாத்தனார் பேரைச் சொல்லிட்டு வந்தேன்.”

முகத்துக்கு நேராக, அதுவும் மீனை உதாரணம் காட்டி, சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். உடனே நாக்கின் நுனிக்குப் பழைய சர்க்கரையெல்லாம் வந்துவிட்டது. பத்துக் கட்டியில் எட்டு சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும், டாக்டர்கள் பயந்து எழுதுவது வழக்கம், என் இங்கிலீஷே தப்பாக இருக்கலாம். ஒன்றை எடுத்து ஆரம்பிக்கும்போதே அவள் தடுத்துவிட்டாள்.

“இப்ப மாத்திப் பேசாதீங்க்கா. மாத்துனீங்கன்னா மொதல்ல சொன்னதையும் நம்ப மாட்டேன், ரெண்டாவது சொல்றதையும் நம்ப மாட்டேன்.”

காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். எப்போது போகப் போகிறாய் என்று கேட்டேன். ஆற்றில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, பெங்களூர்க் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது, சீசன் முடியட்டும் என்றாள். சீசன் முடிய இரண்டு மாதம் இருந்தது. கிழங்கு பிடுங்கப் போன அந்த மனிதர் கடை வாசலில் இறங்கி நடந்துபோனது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அவரிடம் பொய் சொல்லி அனுப்பினேன். இவளிடம் உண்மையைச் சொல்லி அனுப்புகிறேன். இரண்டு பேருமே தள்ளிப்போடத்தான் போகிறார்கள் என்றால் நான் எதைச் சொல்லி என்ன?

பிறகு வந்த நாட்களில் அவள் வரவில்லை. போன் நம்பர் என்னிடம் இருந்தது, பேசப் பயம். வீட்டுக்காரர் எடுத்துவிட்டால் என்ன சொல்வது? ஒகேனக்கல் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்களை எண்ணுவேன். யாராவது பெண் இடது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால்கூட எனக்கு அக்குள் ஞாபகம் வந்து தொலைக்கும். குளிக்கும்போது என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை நம்பாமல் சாயங்காலம் இன்னொருமுறை.

பன்னிரண்டாம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். ஆர்சி புக்கை நகல் எடுக்க வந்த ஆட்டோக்காரர், சில்லறை வாங்கிக்கொண்டே சொன்னார். ஒகேனக்கல்லில் ஒரு பொம்பளை ஆற்றில் போய்விட்டாளாம். யாரென்று தெரியவில்லை, மீன் வறுக்கிற பொம்பளைகளில் ஒருத்தி என்று பேசிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது ஒரு செய்தி.

மெஷினை அணைத்தேனா என்று ஞாபகமில்லை. ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். மலை இறங்கும் பாதை வளைவு வளைவாகப் போகும். அந்த வார்த்தைகள் இரண்டும் என்னோடு ஏறிக்கொண்டன. அவளாக இருக்காது, எனக்கு டௌட், என்று ஒரு வளைவில் சொல்லிக்கொள்வேன். அடுத்த வளைவு வருவதற்குள் அவள்தான் என்று சஸ்பெக்ட் செய்துவிடுவேன். இரண்டு கரை என்று எத்தனை அழகாகப் பிரித்துச் சொன்னேன். மனசு ஒரே நிமிஷத்தில் இரண்டு கரையிலும் நிற்கும் என்று அகராதியிலும் போடவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. டௌட்டுக்குப் பின்னால் ஏன் இஃப் வந்து நிற்கிறது என்பதும் அந்த பஸ்ஸில்தான் புரிந்தது. அந்த இஃப்பில் கால் வைக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது. சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் அந்த இடம் கிடையாது. நேராகப் போய் விழ வேண்டியதுதான்.

பக்கத்து சீட்டு அம்மா ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பஸ் நின்றதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். மீன் கடைகளின் வரிசையில் மசாலாப் புகை. மூன்றாவது கடையிலிருந்து “பன்னி பன்னி, பிஸி மீனு” என்று, வாங்க வாங்க சூடான மீன் எனக் கன்னடத்தில் கூப்பிடும் குரல் கேட்டது. அவள் குரல். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள்.

“என்னக்கா, கடையைப் பூட்டிட்டு மீன் திங்க வந்துட்டீங்களா?”

புகை என்று கண்ணைத் துடைத்தேன். அவளாகப் புரிந்துகொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மா பாறைமேல் நின்று செல்ஃபி எடுக்கப் போய் வழுக்கி விழுந்ததையும், தன் வீட்டுக்காரரும் இன்னொரு பரிசல்காரரும் இழுத்துப் போட்டதையும் சொன்னாள். அந்த அம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள், அரைக் கிலோ மீன் வாங்கித் தின்றுவிட்டுத்தான் போனாள் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“நான் குதிச்சுட்டேன்னு நெனச்சீங்களாக்கும்.”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அதற்குச் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் துடுப்போடு வந்தார். சட்டையெல்லாம் ஈரம். யாரென்று கண்ணால் கேட்டார். பென்னாகரம் ஜெராக்ஸ் கடை அக்கா, தனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர வந்திருக்கிறார்கள் என்றாள். அவர் சிரித்தார்.

“இவளுக்கு ஏற்கெனவே கன்னடத்துலயும் தெலுங்குலயும் திட்டத் தெரியுமுங்க. இங்கிலீஷுலயும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிடாதீங்க, நாங்க எங்க போறது?”

ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுழலுக்கு நடுவே நிற்கிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்றாள். அன்றைக்கு என் கடையிலிருந்து வந்ததிலிருந்து யாரிடமும் சொல்லவில்லையாம். பன்னிரண்டு நாள். அவளுக்கு வாய் மூடி இருப்பது எத்தனை கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

எண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். “அக்குளுக்கு மட்டும் டவுட்டுன்னு போட்டிருக்குதுன்னீங்கல்ல? நீங்கதான சொன்னீங்க, டவுட்டுன்னா இல்லை பக்கம்னு. அப்ப அங்க பரவலன்னுதான அர்த்தம்?”

நோட்டில் வலது பக்கத்தில் எழுதி வைத்திருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவள் பன்னிரண்டு நாள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. அவள் முகம் அதற்காகவே காத்திருந்தது. ஆனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் டௌட்ஃபுல் என்று எழுதுவது இங்கிலீஷ்காரர் சொல்வது மாதிரி இருப்பதில்லை. இந்தப் பக்கமும் சொல்ல முடியாது, அந்தப் பக்கமும் சொல்ல முடியாது என்கிற இடத்திலும் அதைத்தான் போடுகிறார்கள். இருக்கும் என்று பயப்படுகிற இடத்திலும் அதைத்தான் போடுகிறார்கள்.

“எனக்குத் தெரியல கண்ணு” என்றேன். “நான் சொன்னது புஸ்தகத்துல இருக்கறது. இதை எழுதுனவரு எந்தப் பக்கம் நின்னு எழுதுனாருன்னு எனக்கு நிஜமாவே தெரியல.”

கரண்டி நின்றுவிட்டது. ஊசி வைத்தால் கிளறிவிட்டு உடம்பு முழுக்கப் பரவிவிடும் என்கிறார்களே என்று கேட்டாள். டாக்டர்கள் அப்படி இல்லை என்கிறார்கள் என்றேன். பிறகு கிழங்கு பிடுங்கப் போன அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். அதுவரைக்கும் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு ஊசி வைக்கவே இல்லை, ஆனாலும் பரவித்தான் இருந்தது என்று அவர் மனைவி சொன்னதையும் சொன்னேன். ‘அவசரமில்லை’ என்று என் வாயால் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கருகிப்போன துண்டு ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

“புதங்கெழமை கூட்டம் கம்மி. வர்றீங்களா?” என்றாள்.

அந்தப் புதன்கிழமை கம்பைநல்லூர் நாத்தனாரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்தாள். தருமபுரி போகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். டிரைவரைப் பற்றி, பக்கத்தில் நின்றவரின் செருப்பைப் பற்றி, மழை ஏமாற்றியது பற்றி. ஊசி வைத்துவிட்டு வெளியே வந்தபோது மட்டும் பேச்சு நின்றிருந்தது. வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்று தலையை ஆட்டினாள். ரிசல்ட்டுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் தலையில் எண்ணெய் வாசமும் மசாலா வாசமும் இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளினோம் என்று தெரியவில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். மீன் என்ன விலை, கூட்டம் எப்படி என்று பேசுவாள். காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நானும் எடுக்க மாட்டேன். “சரிங்க்கா, வெச்சிடறேன்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வைக்காமலே இருப்பாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

ரிசல்ட் அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் நீளமான பெஞ்ச். எங்களுக்கு முன்னால் ஏழு பேர். நல்ல சேலை கட்டி வந்திருந்தாள், ஊதா நிறம். உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கால்கள் தெரிந்தன. சிலர் கால் வேகமாகப் போனது. ஒரு பெரியவரின் கால் கதவைத் தாண்டி வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல நின்றுவிட்டது. அவருடைய மகள்போல இருந்த பெண் அவர் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப நீங்க எந்தப் பக்கம் நிக்கறீங்க்கா?” என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

டௌட், சஸ்பெக்ட், இரண்டுமே எனக்கு மறந்துபோயிருந்தன. அவள் விரல்களைப் பிடித்தேன். மீன் வறுத்துத் தடித்த விரல்கள், ஐஸ் மாதிரி இருந்தன. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கதவு திறந்தது. நர்ஸ் கையில் பைலோடு எட்டிப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கூட வந்தவங்க யாரும்மா? அவங்க மட்டும் உள்ள வாங்க. பேஷண்ட் அப்படியே உக்காந்திருங்க.”

பழக்க தோஷம், நான் எழுந்துவிட்டேன். என் கால் ஓர் அடி வைத்தும்விட்டது. உள்ளே போய் என்ன கேட்கப்போகிறேன், வெளியே வந்து அவளிடம் எந்த முகத்தோடு நிற்கப்போகிறேன்?

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள். தன் பையை என் மடியில் வைத்தாள். “நான்தாங்க பேஷண்ட். எங்கூட வந்தவளும் நான்தான்” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.